இத்தாலியில் ஜோடிகளுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் புகைப்படம் எடுக்கும் தொழில்: முழுமையான வழிகாட்டி

தேனிலவுக்கு இத்தாலி வரும் ஜோடியின் கையில் நல்ல கேமரா உள்ள போன் இருக்கிறது. ரோமின் ட்ரெவி நீரூற்றுக்கு வழியும் அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 200, 300 யூரோ கொடுத்து ஒரு போட்டோகிராபரை வரச் சொல்கிறார்கள். அந்த நீரூற்றின் முன்னால் எத்தனை மணிக்குக் கூட்டம் இருக்காது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும், கேமராவைப் பார்த்ததும் விறைத்துப் போகிற மாப்பிள்ளையை எப்படி இயல்பாக நிற்க வைப்பது என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாதி வேலை. கேமரா பழகிய யாராலும் மீதியைக் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில் அனுமதி, அப்புறம் கேமரா

சுற்றுலா விசாவில் வந்து காசு வாங்கிப் படம் எடுக்கக் கூடாது. ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாள் ஊர் சுற்றத்தான். பணம் இந்திய வங்கிக் கணக்குக்கு வந்தாலும், வாடிக்கையாளர் சென்னையிலிருந்து வந்தவராக இருந்தாலும், வேலை இத்தாலி மண்ணில் நடக்கிறது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாட்டினால் அடுத்தடுத்த விசாக்களும் சிக்கலாகும்.

சரி, யாரால் முடியும்? பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்குத்தான் வழி மிகச் சுலபம். அவர்கள் இத்தாலியில் தாராளமாகத் தொழில் செய்யலாம். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் உள்ளூர் நகராட்சியில் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நார்வே, சுவிட்சர்லாந்து குடியுரிமைக்கும் ஏறக்குறைய இதே வசதி உண்டு. லண்டன் தமிழர்களுக்கு பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இந்த வசதி போய்விட்டது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுயதொழில் விசா என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஆண்டுதோறும் அரசு அறிவிக்கும் ஒதுக்கீட்டுக்குள் வரவேண்டும். பெரிய முதலீட்டாளர்கள், பெயர்பெற்ற கலைஞர்கள் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவுகள் அவை. ஒரு சாதாரண போட்டோகிராபர் அதில் நுழைவது கடினம். 2024இல் வந்த டிஜிட்டல் நோமாட் விசாவும் கணினி வழியே தொலைவிலிருந்து வேலை செய்யும் உயர்திறன் பணியாளர்களுக்கானது. ரோம் தெருவில் நின்று படம் எடுப்பவருக்குப் பொருந்தும் என்று நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

நடைமுறையில் ஆட்கள் வருகிற வழிகள் வேறு. வேலை அனுமதியிலோ குடும்ப அனுமதியிலோ ஏற்கெனவே இத்தாலியில் இருப்பவர்கள் அதே அனுமதியில் சுயதொழிலும் பதிவு செய்ய முடியும். படிக்க வருபவர்கள் வாரம் 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,040 மணி நேரம் வரை சம்பள வேலை பார்க்கலாம். ஒரு ஸ்டூடியோவில் இரண்டாவது கேமராவாகச் சேர்ந்து தொழிலைப் பழக அது போதும். எந்த வழியில் வந்தாலும், நீண்டகால விசாவில் இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ என்கிற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும்.

தொழில் பதிவும் வரியும்

உங்களுக்கு முதலில் தேவைப்படுவது கோதிச்சே ஃபிஸ்காலே, அதாவது வரி அடையாள எண். அடுத்தது பர்த்தீத்தா ஈவா என்கிற தொழில் பதிவு எண். இதை ஒரு கொமெர்சியாலிஸ்தா (நம் ஊர் ஆடிட்டர் மாதிரி) மூலம் எடுங்கள். அவர் கேட்கும் ஆண்டுக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். இத்தாலிய வரிப் படிவங்களோடு தனியாக மல்லுக்கட்டும் நேரத்தில் நான்கு ஷூட் முடித்துவிடலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ரெஜீமே ஃபொர்ஃபெத்தாரியோ என்கிற எளிய வரி முறையில் சேர்வார்கள். ஆண்டு வருவாய் 85,000 யூரோவுக்குள் இருக்க வேண்டும். வரி 15 சதவீதம். உண்மையிலேயே புதிய தொழில் என்றால் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 5 சதவீதம்தான். செலவுக் கணக்கு காட்டத் தேவையில்லை, மொத்த வருவாயில் 78 சதவீதத்தை லாபமாக எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு 30,000 யூரோ வந்தால் கணக்குக்கு வரும் தொகை 23,400. அதற்கு 5 சதவீத வரி 1,170 யூரோவைத் தாண்டாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓய்வூதிய நிதியான இன்ப்ஸுக்குக் கட்டும் பங்கு தனி. கைவினைஞர் பிரிவில் பதிந்தால், வருமானம் குறைந்த ஆண்டிலும் 4,000 யூரோவுக்கு மேல் கட்டியாக வேண்டும். இந்த எளிய முறையில் இருப்பவர்கள் விண்ணப்பித்தால் அதில் 35 சதவீதம் குறைக்கலாம். கேட்டால்தான் குறைப்பார்கள், ஆகவே ஆடிட்டரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். முதல் ஆண்டில் வருமான வரி கட்ட மாட்டீர்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் பழைய வரியும் அந்த நடப்பு ஆண்டுக்கான முன்பணமும் சேர்ந்து வரும். வருகிற ஒவ்வொரு தொகையிலும் 30 சதவீதத்தை வேறு கணக்கில் ஒதுக்கி வைத்தால் அந்த ஜூனில் நிம்மதியாக இருக்கலாம்.

ஒரு ஊரை எடுத்து அதன் வெளிச்சத்தைப் படியுங்கள்

'இத்தாலி முழுவதும் வருவேன்' என்று விளம்பரம் செய்பவரைவிட 'நான் ரோம் போட்டோகிராபர்' என்பவருக்கே வேலை அதிகம் வரும். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் விடிகாலை ஷூட்டுக்கு முந்தைய நாளே போய் அறை எடுக்க வேண்டும். லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

ஊரை முடிவு செய்ததும் கேமராவைக் கையில் எடுக்காமல் நடந்து பாருங்கள். ரோம் பூமத்திய ரேகையிலிருந்து 42 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் வெளிச்சம் நடந்துகொள்ளும் விதமே வேறு. ஜூன் கடைசியில் சூரியன் காலை 5:35 வாக்கில் உதித்து இரவு 8:50க்கு மறையும். டிசம்பரில் காலை 7:30க்கு உதித்து மாலை 4:40க்கே போய்விடும். சென்னையில் சூரியன் மறைந்தால் சட்டென்று இருட்டிவிடும். ரோமின் கோடைகாலத்தில் மறைந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் நீல வெளிச்சம் நிற்கும். கட்டட விளக்குகள் எரிய ஆரம்பித்து, வானமும் இன்னும் நீலமாக இருக்கும் அந்த நேரத்துக்காகவே கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்குங்கள்.

கொலோசியத்தின் உயரமான, இடியாத வெளிச்சுவர் வடக்குப் பக்கம் இருக்கிறது. கோடையில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் அந்தச் சுவரில் இளவெயில் படும்; விய நிகொலா சால்வி என்ற தெருவின் மேட்டில் ஜோடியை நிறுத்தினால் பின்னால் சுவர் தங்கமாக இருக்கும். குளிர்காலத்தில் அதே இடத்தில் அதே நேரத்தில் சுவர் நிழலில் கிடக்கும். ஜூலையில் எடுத்த படத்தைக் காட்டி ஜனவரி ஜோடியை வரவழைத்துவிட்டால் அவர்களிடம் விளக்கம் சொல்லி மாளாது.

பிஞ்சோ மாடம் மேற்குப் பார்த்தது, மாலைக்கு உரியது. நதிக்கு அந்தப் பக்கம் ஜானிகோலோ குன்று கிழக்குப் பார்த்தது. மாலையில் அங்கே நின்றால் முதுகுப் பக்கத்திலிருந்து வெயில் விழுந்து நகரம் முழுக்க ஒளிரும். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் பின்னணியில் வேண்டும் என்பவர்களைப் பொந்தே உம்பெர்த்தோ பாலத்துக்குக் கூட்டிப்போங்கள். சூரியன் அந்தக் குவிமாடத்தின் பக்கமாக இறங்கும். ட்ரெவிக்கு ஒரே நேரம்தான், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால். ஏழு மணிக்குப் பிறகு அங்கே ஜோடியைத் தனியாகப் பிடிப்பது கோடையில் நடக்காது.

ஃபுளோரன்ஸில் பியாட்சாலே மிகேலாஞ்சலோ என்கிற குன்றுமேல் சதுக்கம் மாலையில் திருவிழாக் கூட்டமாக இருக்கும், விடிகாலையில் காலியாக இருக்கும். சாந்தா த்ரினிதா பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் பொந்தே வெக்கியோ பாலத்துக்குப் பின்னால் சூரியன் எழும். வெனிஸில் அக்காதெமியா மரப்பாலத்திலிருந்து சலூத்தே தேவாலயம் தெரிகிற காட்சியும் காலைக்கானதே.

வெனிஸுக்குப் பகல்நேரம் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள்; உங்கள் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோண்டோலாவுக்கு நகராட்சி வைத்த விலை பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழுக்குப் பிறகு 110. இதை உங்கள் கட்டணத்தில் சேர்க்காதீர்கள், ஜோடியே படகுக்காரரிடம் நேரடியாகக் கொடுக்கட்டும்.

எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது

தெருவில், சதுக்கத்தில், பாலத்தில் கையில் கேமராவோடு ஒரு ஜோடியைப் படம் எடுப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ட்ரைபாட், லைட் ஸ்டாண்ட் என்று தரையில் எதையாவது நிறுத்தினால் பொது இடத்தை ஆக்கிரமித்ததாகக் கணக்கு. நகராட்சி அனுமதி கேட்பார்கள். அருங்காட்சியகம், அரசுக்குச் சொந்தமான தொல்லிடம் ஆகியவற்றுக்குள்ளே விதியே வேறு. 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, வணிக நோக்கில் படம் எடுக்க அந்தந்த நிர்வாகத்திடம் அனுமதியும் கட்டணமும் வேண்டும். சுற்றுலாப் பயணி தனக்காக எடுப்பதற்குத்தான் 2014 முதல் தளர்வு. ஆகவே கொலோசியத்துக்கு வெளியே எடுங்கள், உள்ளே வேண்டாம்.

ரோமின் ஸ்பானியப் படிக்கட்டில் 2019 முதல் உட்காரத் தடை, அபராதம் உண்டு. நின்றும் நடந்தும் எடுங்கள். போர்த்தோஃபினோவில் 2023இல் கூட்டம் தேங்கும் இடங்களில் நிற்கவே தடை போட்டு, மீறினால் 275 யூரோ வரை அபராதம் என்றார்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தில் யாருமே படம் எடுக்க முடியாது. தேவாலயத்துக்குள் போவதாக இருந்தால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத கவுன் போட்டு வரும் மணப்பெண்ணிடம் ஒரு துப்பட்டா எடுத்துவரச் சொல்லுங்கள். ட்ரோனை இந்தத் தொழிலில் மறந்துவிடலாம். பதிவும் காப்பீடும் கட்டாயம், அதற்கு மேல் ரோம், வெனிஸ் நகர மையங்களில் பறக்கவிட முடியாது.

ஒரு எச்சரிக்கை. நடந்துகொண்டே 'இந்த மண்டபத்தை யார் கட்டினார் தெரியுமா' என்று வரலாறு சொல்லி, அதையே விளம்பரத்திலும் 'டூர்' என்று போட்டுவிடாதீர்கள். இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டி வேலைக்கு உரிமம் வேண்டும். நீங்கள் போட்டோகிராபர், அந்த எல்லைக்குள் இருங்கள்.

கையில் என்ன வேண்டும்

இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமரா, 35 மிமீ, 85 மிமீ லென்ஸ்கள், ப்ரபோசலுக்கு (மோதிரம் நீட்டிக் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கும் தருணம்) தூரத்திலிருந்து எடுக்க ஒரு 70-200 மிமீ லென்ஸ். அவ்வளவு போதும். ரோமின் கருங்கல் தெருக்களில் நாள் முழுக்க நடக்க வேண்டும், கார் உள்ளே விட மாட்டார்கள். லென்ஸுக்குச் செலவழிக்கும் முன் நல்ல ஷூ வாங்குங்கள். ட்ரெவியிலும் தெர்மினி ரயில் நிலையத்திலும் பிக்பாக்கெட் தொல்லை உண்டு. ஷூட் நடக்கும்போது ஜோடியின் கைப்பையைத் தரையில் வைக்க விடாதீர்கள்.

விலையும் வாடிக்கையாளரும்

பெரிய ஊர்களில் ஒரு மணி நேரத்துக்கு 150 முதல் 350 யூரோ வரை கேட்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் போய்வர ஒரு மணி, படம் பொறுக்கித் திருத்த மூன்று மணி, வாட்ஸப்பில் பேச ஒரு மணி இருக்கிறது. 100 யூரோவுக்கு ஒத்துக்கொண்டால் வரியும் இன்ப்ஸும் போக மிஞ்சுவது மிகக் குறைவு. தொடக்கத்தில் விலையைக் குறைக்க நினைத்தால் நேரத்தைக் குறைத்து அரை மணி ஷூட்டாகக் கொடுங்கள், மணிக்கான விலையில் கை வைக்காதீர்கள்.

ஃப்ளைடோகிராஃபர், லோக்கல்கிராஃபர், ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் முதல் வாடிக்கையாளர்களைக் கொண்டுவரும். அதற்குப் பங்கும் எடுக்கும். அவற்றை ஒரு வாசலாக மட்டும் வைத்துக்கொண்டு, கூகுள் மேப்பில் உங்கள் தொழில் பக்கத்தையும் இன்ஸ்டாகிராமையும் வளருங்கள். ஊருக்கு ஊர் தமிழ் ஜோடிகள் தேனிலவுக்கு வருகிறார்கள். தமிழிலேயே பேசும் போட்டோகிராபர் கிடைத்தால் அவர்கள் பாதி வெட்கத்தை விட்டுவிடுவார்கள். இது உங்களிடம் மட்டும் உள்ள பலம், தயங்காமல் பக்கத்தில் எழுதுங்கள்.

முன்பணம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். மழை பெய்தால் என்ன, விமானம் தாமதமானால் என்ன, எத்தனை படம், எத்தனை நாளில் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதோடு லிபெராத்தோரியா என்கிற ஒப்புதல் தாள் ஒன்று. 1941ஆம் ஆண்டின் இத்தாலியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவரின் உருவப்படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. காசு கொடுத்தவர்கள் என்பதால் அவர்கள் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

ஷூட் நாள்

முதல் பத்து நிமிடப் படங்கள் பெரும்பாலும் தேறாது, தேற வேண்டியதும் இல்லை. அந்த நேரத்தில் அவர்களை நடக்க விடுங்கள். "அந்த விளக்கு வரைக்கும் பேசிக்கிட்டே போயிட்டு வாங்க, என்னைப் பாக்க வேண்டாம்" என்றால் கை எங்கே வைப்பது என்ற தவிப்பு போய்விடும். நம் ஊர் ஜோடிகளிடம், அதுவும் வீட்டில் பார்த்து முடித்த கல்யாணமாக இருந்தால், வெள்ளைக்கார ஜோடிகளிடம் சொல்வதுபோல் முதலிலேயே முத்தம் கொடுக்கச் சொல்லாதீர்கள். நெற்றியோடு நெற்றி, தோளில் சாய்தல், மல்லிகைச் சரத்தைச் சரிசெய்தல் என்று தொடங்கினால் மீதி தானாக வரும்.

பட்டுப்புடவையில் எடுக்கிற ஆசை பலருக்கு இருக்கிறது. அருமையான ஆசை. ஜரிகை விடிகாலை வெளிச்சத்தை வாங்கித் தருவதுபோல் எந்தக் கவுனும் தராது. ஆனால் பாலத்தில் காற்று அடிக்கும், கருங்கல்லில் ஹீல்ஸ் சிக்கும். முந்தானைக்குக் கூடுதல் பின், தட்டைச் செருப்பு, ஹோட்டலிலேயே கட்டிக்கொண்டு வருவது, இந்த மூன்றையும் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

தோல் நிறத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே பலர் விற்கும் எடிட் ப்ரீசெட்டுகள் (ஒரே சொடுக்கில் படத்தின் நிறத்தை மாற்றும் தயார் அமைப்புகள்) வெளிர் தோலுக்காகச் செய்தவை. மாநிறத்தில் போட்டால் முகம் ஆரஞ்சாகும் அல்லது சாம்பல் பூத்துவிடும். பின்வெயிலில் எடுக்கும்போது முகத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். எடிட்டில் தோலை வெளுக்காதீர்கள், வாடிக்கையாளரே கேட்டாலும் கூட. அவர்கள் உண்மையான நிறத்தில் அழகாகத் தெரியும்படி எடுத்துக் காட்டினால் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

ப்ரபோசல்

இந்தத் தொழிலிலேயே நெஞ்சு அதிகம் படபடக்கும் வேலை இதுதான். இரண்டாவது முறை எடுக்க முடியாது.

பையனோடு மட்டும் தனி உரையாடல் தொடங்குங்கள். இடத்தைப் பெயராகச் சொல்லாமல் படமாக அனுப்புங்கள்: பிஞ்சோ மாடத்தின் கைப்பிடிச் சுவர், அதில் எந்தத் தூண், அவர் எந்தப் பக்கம், அவள் எந்தப் பக்கம். அவள் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அவர் மண்டியிடும்போது அவருடைய முதுகு அவளை மறைக்கக் கூடாது. இதைக் கோடு போட்டு வரைந்து காட்டுங்கள். அன்று நீங்கள் என்ன உடையில் இருப்பீர்கள் என்று ஒரு செல்ஃபி அனுப்புங்கள், அவரும் கிளம்பும்போது தன் படத்தை அனுப்பட்டும். மோதிரப் பெட்டி திறந்தால் கல் மேலே பார்த்திருக்கிறதா என்று அறையிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இருபது நிமிடம் முன்னால் போய், சுற்றுலாப் பயணிபோல் குவிமாடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருங்கள். 70-200 லென்ஸ், 1/500க்குக் குறையாத ஷட்டர், சத்தமில்லா முறை. ரோஜா விற்பவர் யாராவது அவர்கள் பக்கம் நடந்தால் நீங்கள் முந்திக்கொண்டு போய் ஒரு பூ வாங்கிவிடுங்கள். அவர் முழங்கால் தரையைத் தொடும் முன்பே அழுத்தத் தொடங்குங்கள். அவள் தலையசைத்ததும் நிறுத்திவிடக் கூடாது. கண்ணீரைத் துடைப்பது, மோதிரம் தவறான விரலில் போவது, இருவரும் சேர்ந்து சிரிப்பது என்று நல்ல படமெல்லாம் அடுத்த இரண்டு நிமிடத்தில்தான் கிடைக்கும். அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகு மெதுவாகப் போய் அறிமுகப்படுத்திக்கொண்டு, கேமராத் திரையில் ஒரே ஒரு படத்தைக் காட்டுங்கள்.

படம் ஒப்படைப்பது

அன்றிரவே இரண்டு இடத்தில் பேக்கப். அடுத்த நாள் ஐந்து படம் போனுக்கு அனுப்புங்கள். பயணம் முடிவதற்குள் அவர்கள் வீட்டாருக்குக் காட்டுவார்கள், அதுவே விளம்பரம். முழு கேலரியை இரண்டு வாரத்துக்குள் கொடுங்கள். ஒரு மணி ஷூட்டுக்கு 50 நல்ல படம் போதும். கேலரியைத் திறந்து அவர்கள் நெகிழ்ந்து நன்றி சொல்லும் அந்த நேரத்தில் கூகுள் விமர்சனம் கேளுங்கள், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வராது.

பணம் வந்த 12 நாளுக்குள் மின்னணு ரசீது போட வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் எளிய வரி முறையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது கட்டாயம். தொகை 77.47 யூரோவைத் தாண்டினால் 2 யூரோ முத்திரைக் கட்டணம் சேரும்.

நவம்பர் முதல் மார்ச் வரை

ஏப்ரல் முதல் ஜூன், செப்டம்பர், அக்டோபர்தான் உங்களுக்குச் சோறு போடும் மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொடுமை, விடிகாலை மட்டும்தான் வேலை. நவம்பரில் மழை. குளிர்காலத்துக்கு உள்ளூர் வாடிக்கையாளர்கள் வேண்டும், அதற்கு இத்தாலிய மொழி வேண்டும். காலியான மாதங்களில் அதைப் படியுங்கள். சிசிலியின் பலேர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். பெல்லெக்ரினோ மலை மேலுள்ள புனித ரொசாலியா குகைக் கோயிலுக்கு அங்குள்ள தமிழ் இந்துக்களும் கத்தோலிக்கர்களும் நடந்தே ஏறுவது வழக்கம். அவர்கள் வீடுகளில் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம் என்று ஆண்டு முழுக்க விசேஷங்கள் உண்டு. அந்தப் பக்கம் வசிப்பவராக இருந்தால் சுற்றுலா சீசன் முடிவதற்குள்ளேயே, செப்டம்பரில், அந்தக் குடும்பங்களிடம் பேசி டிசம்பர், ஜனவரி தேதிகளைப் பிடித்துவிடுங்கள்.